வாசிகசாலை வன்தட்டை எப்போது தூங்கவிடுவது?

தம்பி, யாழ்ப்பாணத்துத் தீவான வேலணையில் உங்கள் சனசமூக நிலையத்து வாசிகசாலையில் வைத்திருக்கும் சிறு கணினியைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள். ராஸ்பெரி பை 4, அதனோடு யு.எஸ்.பி. வழியாக ஒரு 2 டெராபைட் வன்தட்டு, 2.5 அங்குல வகை. 12 வோல்ற்று 7 அம்பியர்-மணி ஈய-அமிலப் பற்றரி, கூரையில் ஒரு சோலர் பனல். அந்தியேட்டிக்கு அச்சிட்டுக் கொடுக்கும் கல்வெட்டுகள் என்ற நினைவு நூல்கள், கோயில் மலர்கள், பழைய பாடசாலைச் சஞ்சிகைகள் எல்லாவற்றையும் படமாக்கி அந்த வன்தட்டில் சேர்த்திருக்கிறீர்கள். அதே கணினி பொதுக் கிணற்றின் நீர்மட்டத்தையும் நிமிடத்துக்கு ஒரு தடவை பதிகிறது. இரவில் வன்தட்டு ‘டிக், டிக்’ என்று சத்தமிட்டுவிட்டுக் கணினியிலிருந்து மறைந்துபோவது ஏன், பத்து நிமிடத்தில் சுற்றுவதை நிறுத்தித் தூங்கும்படி கட்டளை கொடுத்தும் அது தூங்காதது ஏன், எத்தனை நிமிடத்தில் நிறுத்தினால் அதற்கு நல்லது என்பவை உங்கள் கேள்விகள்.

பதிலுக்கு முன் ஒரு வேலை. அந்த வன்தட்டைக் கழற்றி, வீட்டு மின்சாரத்தில் ஓடும் மேசைக் கணினி ஒன்றின் பின்பக்க யு.எஸ்.பி. துளையில் செருகி, கல்வெட்டுகள் முழுவதையும் இன்னொரு வன்தட்டுக்குப் பிரதி எடுத்துவிடுங்கள். டிக் சத்தம் போடும் வன்தட்டை வைத்துப் பரிசோதனை செய்யக் கூடாது. ஒரு கல்வெட்டின் வம்சாவளிப் பக்கம் வேறெங்கும் இல்லாத ஒன்று. அச்சிட்ட வீட்டிலேயே பிரதி இல்லாத கல்வெட்டுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

இனி விடயத்துக்கு வருவோம். உங்கள் மூன்று கேள்விக்கும் வேர் ஒன்றுதான். சீராகச் சுற்றிக்கொண்டிருக்கும் வன்தட்டு மெதுவாகத்தான் தேயும். நின்று கிடக்கும் வன்தட்டு தேயவே மாட்டாது. அது துன்பப்படுவது நின்ற நிலையிலிருந்து புறப்படும்போதும், சுற்றிக்கொண்டிருக்கையில் கரண்ட் திடீரென்று அறும்போதும்தான். ஆகவே புறப்பாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைக் குறைவில்லாமல் கொடுங்கள், புறப்பாடுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்துவதை ஒழுங்காகச் செய்யுங்கள். மற்றவை எல்லாம் இவற்றுக்குள் அடங்கும்.

டிக் சத்தத்திலிருந்து தொடங்குகிறேன். 2.5 அங்குல வன்தட்டு 5 வோல்ற்றில் மட்டும் இயங்குவது. சும்மா சுற்றும்போது ஒரு வாற்றுக்குச் சற்று முன்பின்னாக எடுக்கும். படிக்கும்போது, எழுதும்போது சுமார் இரண்டு வாற்று. ஆனால் நின்ற தட்டை நிமிடத்துக்கு 5400 சுற்று வேகத்துக்குக் கொண்டுவரும் அந்த மூன்று நான்கு செக்கன்களில் ஏறத்தாழ ஓர் அம்பியர், அதாவது 5 வாற்று கேட்கும். ராஸ்பெரி பை 4இன் நான்கு யு.எஸ்.பி. துளைகளுக்கும் சேர்த்து அனுமதிக்கப்பட்டது 1.2 அம்பியர். தாளில் பார்த்தால் போதும். குறைவது வழியில்.

பற்றரியின் 12 வோல்ற்றை 5 ஆக்கும் உங்கள் வோல்ற்று மாற்றியிலிருந்து கணினிக்கு வரும் வயரின் உறையை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். மலிவான வயர்களில் 28 என்ற கனஅளவு இலக்கம் இருக்கும். அந்தக் கனத்துச் செம்புக் கம்பிக்கு ஒரு மீற்றருக்கு 0.21 ஓம் தடை. போகவும் வரவும் இரண்டு கம்பி என்பதால் ஒரு மீற்றர் வயரில் 0.42 ஓம். கணினிக்கு 0.8 அம்பியர், புறப்படும் வன்தட்டுக்கு ஓர் அம்பியர் என்றால், 1.8 அம்பியர் ஓடும்போது வயரிலேயே 0.76 வோல்ற்று விழுந்துவிடுகிறது. 5.1 வோல்ற்று கொடுத்தால் மறுமுனையில் 4.34தான் இருக்கும். ராஸ்பெரி பை 4.63க்குக் கீழே போனாலே குறைவு என்று பதிந்துவிடும். வன்தட்டுகளுக்கோ பெரும்பாலும் 5 சதவீதச் சலுகைதான், அதாவது 4.75 வரை. மோட்டார் பாதி வேகத்தில் ஏங்கும், வன்தட்டின் மின்சுற்று தன்னை மீட்டமைக்கும், படித்து எழுதும் தலை ‘டிக்’ என்று தன் தரிப்பிடத்துக்கு ஓடும், மறுபடி முதலிலிருந்து புறப்படும். நீங்கள் கேட்டது அந்தச் சத்தம்தான். இரவில் மட்டும் ஏன் என்றால், பகலில் பற்றரி ஏறி நிற்கிறது, இரவு செல்லச் செல்ல இறங்குகிறது. மாற்றி மலிவானதென்றால் உள்வரும் வோல்ற்றளவு குறையக் குறைய வெளியேறுவதும் தளரும்.

இதே வயரை 20ஆம் இலக்கக் கனத்தில் (இலக்கம் குறையக் கம்பி தடிக்கும்) அரை மீற்றராகப் போட்டால் விழுவது 0.06 வோல்ற்று. வேறெதற்கும் காசு செலவழிக்குமுன் இதைச் செய்யுங்கள்.

மல்ரிமீற்றரால் அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண மீற்றர் செக்கனுக்கு இரண்டு மூன்று தடவைதான் இலக்கத்தை மாற்றும். புறப்படும் கணத்துச் சரிவு அதற்குள் வந்து போய்விடும், நீங்கள் 5.02 என்று பார்த்துத் திருப்திப்படுவீர்கள். மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் பொத்தான் உள்ள மீற்றரை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் கணினியிடமே கேட்கலாம். வீசிஜென்கமாண்ட் கருவியில் கெட்-த்ரொட்டில்ட் என்று கேட்டால் பூச்சியம் வர வேண்டும். 50000 என்று வந்தால் கணினி தொடங்கியதிலிருந்து ஒரு தடவையாவது வோல்ற்றளவு சரிந்திருக்கிறது. 50005 என்றால் இந்தக் கணமே சரிந்து நிற்கிறது.

பெரிய கொள்ளளவி (கப்பாசிற்றர்) ஒன்றைக் குறுக்கே வைத்தால் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். கணக்குப் பார்ப்போம். 2200 மைக்ரோபராட் கொள்ளளவி கால் வோல்ற்று சரியும்வரை ஓர் அம்பியரை எவ்வளவு நேரம் தாங்கும்? அரை மில்லிசெக்கனுக்குச் சற்று மேல். வன்தட்டுக்கு வேண்டியதோ செக்கன்கள். இரண்டு செக்கன் தாங்க 8 பராட் வேண்டும். கொள்ளளவி சிறு அதிர்வுகளைத் தணிக்கும், புறப்பாட்டைச் சுமக்காது. வன்தட்டுக்கென்று தனியாக 12இலிருந்து 5 வோல்ற்றுக்கு மாற்றும் ஒரு மாற்றியை, 3 அம்பியருக்குக் குறையாததாக, வைப்பதே சரியான வழி. தன் மின்சாரத்தில் ஓடும் யு.எஸ்.பி. ஹப் என்றாலும் சரி. ஆனால் சில ஹப்கள் கணினிப் பக்கமும் மின்சாரத்தைப் பின்னோக்கித் தள்ளும். கணினியின் மின்சாரத்தைக் கழற்றிய பிறகும் அதன் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தால் அந்த ஹப்பைப் பாவிக்காதீர்கள்.

இரண்டாவது கேள்வி, தூங்காத வன்தட்டு. இதில் உங்கள் கட்டளையில் பிழை இல்லை. வன்தட்டுக்குக் கட்டளை அனுப்பும் எச்டிபார்ம் கருவியின் பெரிய எஸ் தெரிவுக்கு 120 கொடுத்தது சரி. அந்த இலக்கம் 240 வரை ஐந்து செக்கன் கணக்கில் எண்ணப்படுவதால் 120 என்பது பத்து நிமிடம். 241 கொடுத்தால் அரை மணி, 242 கொடுத்தால் ஒரு மணி என்று அதன்பின் கணக்கு மாறுவதையும் தெரிந்து வைத்திருங்கள். ஆனால் அந்தக் கடிகாரம், வன்தட்டுக்கு எந்த வேலையும் வராமல் பத்து நிமிடம் கழிந்தால்தான் முடியும். உங்கள் கிணற்றுப் பதிவு நிமிடத்துக்கு ஒரு வரியாக அதே வன்தட்டுக்குப் போகிறது. ஒவ்வொரு வரியும் கடிகாரத்தைப் பூச்சியத்துக்குத் திருப்புகிறது. அது எப்படித் தூங்கும்?

அந்த வரியின் பருமனைப் பாருங்கள். திகதி, நேரம், நீர்மட்டம் எல்லாம் சேர்த்து 40 பைட். ஒரு நாளுக்கு 1440 வரி, 58 கிலோபைட்டுக்கும் குறைவு. ஒரு வருடத்துக்கு 21 மெகாபைட். ஒரு கல்வெட்டை நல்ல தரத்தில் படமாக்கினால் இதைவிடப் பெரிதாக வரும். இதற்காக இரண்டு டெராபைட் வன்தட்டு இரவு முழுவதும் விழித்திருக்கத் தேவையில்லை. வரிகளை நினைவகத்தில் சேர்த்து, மணிக்கு ஒரு தடவை மெமரி கார்ட்டில் எழுதுங்கள். கரண்ட் அறுந்தால் மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரத்து நீர்மட்டம் போகும். கிணறு அடுத்த மணியும் அங்கேதான் இருக்கும். காலையில் நிலையம் திறக்கும்போது, வன்தட்டு எப்படியும் எழும்புகிற வேளையில், முந்திய நாள் கோப்பை அதற்கு மாற்றிவிடலாம்.

வேறு சிலவும் வன்தட்டைத் தட்டி எழுப்பும். ஒரு கோப்பை வாசித்தாலே கடைசியாக வாசித்த நேரத்தைக் குறித்து வைக்கும் பழக்கம் லினக்ஸுக்கு உண்டு. வன்தட்டை இணைக்கும்போது நோஏடைம் என்ற தெரிவைக் கொடுத்து அதை நிறுத்துங்கள். கோப்புகளைத் தேடிப் பட்டியலிடும் தினசரி வேலைகளிலிருந்து அந்த வன்தட்டை விலக்குங்கள். மாற்று நினைவகம், அதாவது ஸ்வாப், அதில் இருக்கவே கூடாது. வன்தட்டின் நலத்தைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்டி சேவை வழக்கமாக அரை மணிக்கு ஒரு தடவை விசாரிக்கும். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பாதே என்று அதற்கு ஒரு தெரிவு இருக்கிறது, அதைப் போடுங்கள். யார் எழுப்புவது என்று தெரியவில்லையென்றால் ஃபட்ரேஸ் கருவியை ஒரு மணி நேரம் ஓடவிட்டால் எந்தச் செயலி எந்தக் கோப்பைத் தொட்டது என்று வரி வரியாகக் காட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் தூங்காவிட்டால் குற்றம் வன்தட்டுப் பெட்டிக்குள் இருக்கும் யு.எஸ்.பி. மாற்றுச் சிப்பில் இருக்கலாம். எச்டிபார்ம் அனுப்பும் கட்டளைகள் ஏ.டி.ஏ. மொழியில் இருப்பவை. சில சிப்கள் அவற்றை வன்தட்டுக்குக் கடத்துவதில்லை. அப்படியானால் எச்டி-ஐடில் என்ற சிறு சேவையை நிறுவுங்கள். அது லினக்ஸின் மையமான கேர்னலின் கணக்கைப் பார்த்து, வேலை இல்லாத நேரத்தைத் தானே எண்ணி, ஸ்கஸி மொழியில் நிறுத்தக் கட்டளை அனுப்பும். அதைப் பெரும்பாலான சிப்கள் மதிக்கின்றன. தூங்கிவிட்டதா என்று கணினியைக் கேட்டால் இந்தச் சிப்கள் பிழையான விடை சொல்வதுண்டு. பெட்டியின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சுற்றும் வன்தட்டின் மெல்லிய நடுக்கம் கைக்குத் தெரியும். நின்றுவிட்டால் கல்லைத் தொட்டதுபோல இருக்கும்.

எத்தனை நிமிடம் என்ற மூன்றாவது கேள்விக்கு மின்சாரக் கணக்கு ஒரு விடையும் தேய்மானக் கணக்கு வேறொரு விடையும் சொல்கின்றன. ஒரு புறப்பாட்டுக்கு 5 வாற்று, 4 செக்கன், அதாவது 20 யூல் செலவு. சிப்போடு சேர்த்துச் சும்மா சுற்றினால் 1.2 வாற்று, நின்றால் 0.3 வாற்று என்று வைத்தால், நிற்பதால் மிச்சம் செக்கனுக்கு 0.9 யூல். அரை நிமிடம் நின்றாலே போட்ட முதல் திரும்பிவிடுகிறது. அப்படியென்றால் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் பலர் வன்தட்டை இழக்கிறார்கள். புறப்பாடு நிறுத்தங்களுக்குத் தயாரிப்பாளர்கள் வழமையாகக் குறிப்பிட்டு வந்த அளவு 50,000. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று எழும்பும் வன்தட்டு நாளுக்கு 144 தடவை புறப்படும். 50,000 ஐ 347 நாளில் கடந்துவிடும். ஒரு வருடம்கூட இல்லை.

வாசிகசாலைக்கு நான் சொல்வது இது. நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் வன்தட்டை நிறுத்தவே வேண்டாம். பிள்ளைகள் வந்து ஒரு படத்தைத் திறந்து, பத்து நிமிடம் வாசித்து, அடுத்ததைத் திறப்பார்கள். அந்த இடைவெளிகளில் நிறுத்தி எழுப்புவதுதான் மிகக் கெட்ட பழக்கம். பூட்டும் நேரத்தில் ஒரு தடவை கட்டளை கொடுத்து நிறுத்துங்கள். காலையில் ஒரு தடவை எழுப்புங்கள். மறந்துபோகும் நாட்களுக்காக எச்டி-ஐடிலில் ஒரு மணி நேரத்தை வைத்துவிடுங்கள். நாளுக்கு நான்கு புறப்பாட்டுக்கு மேல் போகாவிட்டால் அந்தக் கணக்கு உங்களைத் தொந்தரவு செய்யாது. பெரிய அளவில் புதிய படங்களைச் சேர்த்த நாளில் மட்டும் கூடுதலாக அரை மணி சுற்றவிடுங்கள். இன்றைய 2.5 அங்குல வன்தட்டுகளில் பல, எழுதியதை முதலில் ஓரிடத்தில் குவித்துவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது உள்ளே ஒழுங்குபடுத்துபவை.

தட்டு நிற்பது வேறு, தலை தரிப்பது வேறு என்பதையும் பிரித்துப் பாருங்கள். தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே சில வன்தட்டுகள் சில செக்கன் வேலை இல்லையென்றால் தலையை ஓரத்துச் சரிவில் ஏற்றி வைத்துவிடும். வன்தட்டு தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவில் 193ஆம் வரி அதன் எண்ணிக்கை. இவ்வகை வன்தட்டுகளுக்கு 600,000 என்ற அளவு பொதுவாகத் தரப்படுகிறது. அரை நிமிடத்துக்கு ஒரு தரிப்பு என்றால் நாளுக்கு 2880, 208 நாளில் எல்லை. எச்டிபார்மின் பெரிய பி தெரிவுக்கு 254 கொடுத்தால் பல வன்தட்டுகள் இந்தப் பழக்கத்தை விட்டுவிடும். மின்சாரம் போய் வந்தால் அந்த அமைப்பு மறந்துபோகும் என்பதால் தொடக்கத்தில் தானாக ஓடும்படி வையுங்கள்.

பற்றரியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வன்தட்டைத் தூங்கவைத்தால் இரவைக் கடந்துவிடலாம் என்று எதிர்பார்க்கிறீர்கள். கடக்காது. கணினி 3 வாற்று, வன்தட்டு சிப்போடு 1.2 வாற்று, 12 மணி நேரம் என்றால் 50 வாற்று-மணி. மாற்றியின் இழப்பையும் சேர்த்தால் 59. வன்தட்டைத் தூங்கவைத்தால் அது 47 ஆகும். உங்கள் பற்றரியில் இருப்பது 84 வாற்று-மணி. ஈய-அமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் பாவிக்கக்கூடியது 42. பெரிய தீனிக்காரன் கணினிதான். ஒன்றில் 20 அம்பியர்-மணிக்குப் பற்றரியை மாற்றுங்கள், அல்லது கிணற்றுப் பதிவை மைக்ரோகொன்ட்ரோலர் என்ற ஒற்றைச் சிப்புச் சிறு கணினியிடம் கொடுத்துவிட்டு இரவில் கணினியை முழுதாக நிறுத்துங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

கரண்ட் அறும் கணம்தான் மிச்சம். ஓடும் வன்தட்டுக்கு மின்சாரம் அறுந்தால், சுற்றும் தட்டின் வேகமே மோட்டாரை மின்பிறப்பாக்கியாக மாற்றும். அந்தச் சிறு மின்சாரத்தில் தலை தன் தரிப்பிடத்துக்கு ஓடிவிடும். 1990களில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளை நிறுத்தி மிதித்து, டைனமோவில் வானொலி கேட்டவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. ஆனால் இது அவசர வழி. தலை வேகமாக இழுபடும், ஒவ்வொன்றும் ஸ்மார்ட் பதிவின் 192ஆம் வரியில் ஏறும். வன்தட்டின் உள்நினைவகத்தில் எழுதக் காத்திருந்தவை அழிந்துபோகும்.

2022 மார்ச் கடைசியில், ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்த காலத்தில், ஒரு பாடசாலைக்கு உங்களுடையதுபோல ஒரு பெட்டியை அமைத்துக் கொடுத்தேன். பற்றரி பழையது. சார்ஜ் கொன்ட்ரோலர், பற்றரி இறங்கியதும் சுமையை வெட்டும். வெட்டும் அளவும் திரும்பக் கொடுக்கும் அளவும் அதில் மிக நெருக்கமாக இருந்தன. சுமை வெட்டுப்பட்டதும் பற்றரி சற்று மூச்சுவிட்டு வோல்ற்றளவு ஏறும். கொன்ட்ரோலர் மறுபடி கொடுக்கும். கணினி தொடங்கும், வன்தட்டு புறப்படும், பற்றரி சரியும், மறுபடி வெட்டு. காலையில் கதவைத் திறந்தபோது ‘ஊங்’ என்று ஏறிப் பாதியில் ‘டிக்’ என்று அறும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எத்தனை மணி நேரமாக என்று எண்ணிப் பார்க்கவே மனம் கூசியது. பிள்ளைகளின் பாடக் கோப்புகளில் ஒரு பகுதியை மீட்க முடியவில்லை. அந்தக் கொன்ட்ரோலரின் இரண்டு இலக்கங்களையும் நான் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். நீங்கள் இன்றே பாருங்கள். வெட்டுவது 11.1 வோல்ற்று என்றால் திரும்பக் கொடுப்பது 12.6க்குக் குறையக் கூடாது.

கொன்ட்ரோலர் வெட்டுமுன் கணினி தானாக ஒழுங்காக நிற்க வேண்டும். ராஸ்பெரி பைக்கு வோல்ற்றளவை நேரே அளக்கும் வசதி இல்லை. ஐஎன்ஏ 219 என்ற சிறு அளவி 26 வோல்ற்று வரை அளந்து இரண்டு கம்பியில் சொல்லிவிடும். பற்றரி 11.8க்கு இறங்கி ஒரு நிமிடம் அப்படியே நின்றால், செயலிகளை நிறுத்தி, எழுதாதவற்றை எழுதி, வன்தட்டின் இணைப்பை மென்பொருளால் விடுவித்து, நிறுத்தக் கட்டளை கொடுத்து, பெட்டி அமைதியான பிறகு கணினியை நிறுத்தும்படி ஒரு சிறு நிரல் எழுதுங்கள். இதில் ஒரு பொறி உண்டு. கணினி நின்றதும் சுமை குறைந்து, கொன்ட்ரோலர் வெட்டும் அளவுக்குப் பற்றரி இறங்காமலே இருந்துவிடலாம். காலையில் வெயில் வந்தாலும் நின்ற கணினிக்கு மின்சாரம் அறுந்து திரும்பி வந்ததாகத் தெரியாது. அது எழும்பாது. ஆகவே கணினி நின்றதை ஒரு முனை வழியாக அறிந்து மின்சாரத்தை வெட்டி, பற்றரி 12.6 வந்ததும் திரும்பக் கொடுக்கும் றிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஆளி, ஒன்று வேண்டும். இரவுப் பதிவுக்கு வைக்கும் அந்த மைக்ரோகொன்ட்ரோலரே இதையும் செய்துவிடும்.

கண்காணிப்புக் கமெரா பதியும் வன்தட்டுக்கு இவை எதுவும் பொருந்தாது. இடைவிடாமல் எழுதுவதைத் தூங்கவைக்கக் கூடாது. 3.5 அங்குல வன்தட்டு 12 வோல்ற்றில் புறப்படும்போது 2 அம்பியர் வரை இழுக்கும், உங்கள் பற்றரிக்கு அது வேண்டாம். தீவில் இருப்பதால் இன்னொன்று: உப்புக் காற்று யு.எஸ்.பி. முனைகளில் பச்சை பூக்கவைக்கும், அதுவும் தடைதான். மாதம் ஒரு தடவை கழற்றித் துடைத்துச் செருகுங்கள்.

பிரதி எடுத்து, வயரை மாற்றிய பிறகு, வன்தட்டு புறப்படும்போது மீற்றர் பிடித்த மிகக் குறைந்த வோல்ற்றளவையும், ஸ்மார்ட் பதிவின் 4 (புறப்பாடு நிறுத்த எண்ணிக்கை), 192, 193ஆம் வரிகளையும் எழுதி அனுப்புங்கள். ஒரு கிழமை கழித்து அதே மூன்று வரிகளை மறுபடி அனுப்புங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை வைத்து, அந்த வன்தட்டை வைத்திருக்கலாமா மாற்ற வேண்டுமா என்று சொல்கிறேன்.